என்பு கூறும் சான்று

நுழையும்முன்

உயிர் நீங்கிய பின்னும் உடலின் வரலாற்றை நெடுங்காலம் தாங்கி நிற்பது எலும்பு. அவ்விலங்கு எது, எதனை உண்டது, எவ்வாறு நடந்தது, எந்த வயதில் இறந்தது என்பவற்றையெல்லாம் அது தன்னுள் பொதிந்து வைத்துள்ளது. படிக்கத் தெரிந்தவர்க்கு அது சான்று. தெரியாதவர்க்கு அச்சமூட்டும் புதிர். காட்டுப் பாலூட்டிகளின் எலும்புகளை இனங்காணும் முறைகளையும் அவ்வறிவின் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

அச்சம் படைத்த அரக்கன்

கிரேக்கத் தொன்மங்களில் நெற்றியின் நடுவே ஒற்றைக்கண் கொண்ட அரக்கர்கள் இடம்பெறுகின்றனர். அவர்களைச் சைக்ளோப்சு என்பர். இக்கற்பனைக்கு வித்திட்டது எது? ஆஸ்திரிய நாட்டுத் தொல்லுயிரியல் அறிஞர் ஒத்தேனியோ ஆபெல் 1914ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் தந்தார். சிசிலித் தீவின் குகைகளில் பழங்காலக் குள்ள யானைகளின் மண்டையோடுகள் கிடைத்துள்ளன. யானையின் மண்டையோட்டில் துதிக்கைக்குரிய பெரிய மூக்குத் துளை முகத்தின் நடுவே அமைந்திருக்கும். கண்குழிகளோ பக்கவாட்டில் ஒதுங்கி, எளிதில் புலப்படாமல் இருக்கும். யானையைக் கண்டறியாத மக்கள் அந்த நடுத்துளையைக் கண்குழி எனக் கருதியிருக்கலாம் என்பது அவர் கருத்து. இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. எனினும், எலும்பைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை இது உணர்த்துகிறது. அறிந்த விலங்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லாதபோது மனிதமனம் தானே ஒரு விலங்கைப் படைத்துக்கொள்கிறது.

யானையின் தொடையெலும்பும் இவ்வாறே மயக்கம் தருவது. தூண்போல் நேராக நிற்கும் அவ்வெலும்பு, பேருருவம் கொண்ட மனிதனின் தொடையெலும்பு போலவே தோன்றும். அரக்கர்களின் எலும்பு எனப் பல நாடுகளில் போற்றப்பட்டவை பின்னாளில் யானை இனங்களின் எலும்புகள் எனத் தெரியவந்தன.

இம்மயக்கத்தைத் தீர்த்த முறைக்கு ஒப்பீட்டு உடற்கூறியல் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் குவியே 1796ஆம் ஆண்டில் யானைகளின் பற்களையும் தாடைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஆசிய யானையின் கடைவாய்ப் பல்லில் குறுகிய மேடுகள் இணையாக அடுக்கப்பட்டிருக்கும். ஆப்பிரிக்க யானையின் பல்லில் அம்மேடுகள் சாய்சதுர வடிவில் விரிந்திருக்கும். இவ்வேறுபாட்டால் இரண்டும் தனித்தனி இனங்கள் என்று அவர் காட்டினார். சைபீரிய மண்ணில் கிடைத்த மாமத யானையின் எலும்புகள் இவ்விரண்டிலும் சேராதவை என்றும், அவ்வினம் உலகிலிருந்து மறைந்துவிட்டது என்றும் அவர் நிறுவினார். ஓர் இனம் முற்றிலும் அழிந்துபோகக்கூடும் என்ற உண்மையை உலகம் ஏற்க வழிவகுத்தவை பற்களும் எலும்புகளுமே ஆகும்.

சொல்லால் ஒன்று, பொருளால் வேறு

எலும்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ‘என்பு’ ஆகும். ‘கோடு’, ‘மருப்பு’ ஆகிய சொற்கள் விலங்கின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் ஒருங்கே குறிக்கும். தலையிலிருந்து நீண்டு கூர்மையுற்று நிற்கும் தோற்றத்தைக் கொண்டு நம் முன்னோர் அவற்றுக்குப் பொதுப்பெயர் இட்டனர். அறிவியலோ அவற்றை ஆக்கிய பொருளைக் கொண்டு பிரிக்கிறது.

கடமான், புள்ளிமான் ஆகியவற்றின் கிளைத்த கொம்பு முழுவதும் எலும்பே. ஆண் மான்களில் மட்டும் வளரும் அது, காலந்தோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். உதிர்ந்த கொம்பின் அடியில் கரடுமுரடான வளையம் ஒன்று காணப்படும். காட்டெருது, வெளிமான், வரையாடு ஆகியவற்றின் கொம்பு உதிர்வதில்லை, கிளைப்பதும் இல்லை. உள்ளே எலும்புத் தண்டும், அதன்மேல் நகத்தை ஒத்த கெரட்டின் உறையும் கொண்டது அது. விலங்கு இறந்து நாள்கள் சென்றபின் உறை கழன்றுவிட, எலும்புத் தண்டு மட்டும் எஞ்சும். அதுவே பலர்க்கும் இன்னதென்று விளங்காத எலும்பாகத் தோன்றுகிறது. காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே இல்லை. முழுவதும் கெரட்டினால் ஆனது. யானையின் தந்தம் கொம்பும் அன்று, எலும்பும் அன்று. மேல்தாடையின் வெட்டுப்பல் நீண்டு வளர்ந்ததே தந்தம் ஆகும்.

முதலில் எழும் வினாக்கள்

எலும்பு ஒன்று கிடைத்தவுடன் ‘இஃது எந்த விலங்கு?’ என்று வினவுவது பொருந்தாது. அதற்கு முன் விடைகாண வேண்டிய வினாக்கள் மூன்று உள்ளன.

‘இது பாலூட்டியின் எலும்பா?’ என்பது முதல் வினா. பறவை எலும்பு மெல்லிய சுவர் கொண்டு எடை குறைந்திருக்கும். பாலூட்டியின் கீழ்த்தாடை ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பால் ஆனது. ஊர்வனவற்றில் அது பல எலும்புகளின் இணைப்பாகும். பாலூட்டியின் பற்கள் பெரும்பாலும் வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல் எனத் தொழிலுக்கேற்ப வேறுபட்டிருக்கும்.

‘இது உடலின் எப்பகுதி?’ என்பது இரண்டாம் வினா. கழுத்தெலும்பாயின், மிகச் சில விலங்குகள் நீங்கலாக, சுண்டெலிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் திமிங்கலத்திற்கும் அதன் எண்ணிக்கை ஏழே. எண்ணிக்கை மாறாமல் நீளமும் வடிவமும் மாறுவதால், ஒரேயொரு கழுத்தெலும்பைக் கொண்டே அவ்விலங்கின் வாழ்க்கை முறையை ஓரளவு உய்த்துணரலாம்.

‘இது வளர்ந்த விலங்கா, இளம் விலங்கா?’ என்பது மூன்றாம் வினா. இளம் விலங்கின் நீண்ட எலும்புகளில் முனைப்பகுதி தனித்துண்டாக, இடையில் குருத்தெலும்புத் தட்டோடு இருக்கும். வளர்ச்சி நிறைவுற்றதும் அம்முனை தண்டோடு ஒன்றிவிடும். இதனை நோக்காமல் அளவை மட்டும் கொண்டு முடிவெடுப்பவர், புலிக்குட்டியின் எலும்பைச் சிறுத்தையின் எலும்பு என்று கூறிவிடக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

கரடிக்கு 40 பற்கள் உண்டு. பிற கரடி இனங்கள் பலவற்றிற்கு 42 பற்கள் இருக்க, நம் காடுகளில் வாழும் கரடிக்கு மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இல்லை. அவ்விடைவெளி வழியாகவே அது கறையான்களை உறிஞ்சி உண்கிறது. எறும்புதின்னியான அழுங்கிற்கோ பற்களே இல்லை. அதன் மண்டையோடு வழவழப்பான கூம்பு போல இருக்கும்.

மயக்கும் எலும்புகள்

எலும்புகளுள் சில, அறிந்தோரையும் மயங்கச் செய்யும். அவற்றுள் முதலிடம் பெறுவது கரடியின் பாதம். தோலை உரிக்கும்போது நகம் தாங்கிய விரல்நுனி எலும்புகள் தோலோடு சென்றுவிடும். எஞ்சிய ஐவிரல் எலும்புகள் மனிதனின் கை அல்லது காலைப் போலவே தோன்றும். இவ்வாறு கிடைத்த பாதங்களை மனித உடலின் பகுதி எனக் கருதிக் காவல்துறை விசாரணை தொடங்கிய நிகழ்வுகள் உலகில் பல உண்டு. வேறுபாடு விரல்களில் உள்ளது. மனிதக் காலில் உட்புறத்துப் பெருவிரலே பருமனானது. கரடியின் காலிலோ உட்புற விரல் சிறியது, வெளிப்புற விரல் பெரியது.

பாக் நீரிணைக் கடலோரத்தில் ஒதுங்கும் கடற்பசுவின் விலா எலும்பு மற்றொரு வியப்பு. ஆவுளியா என மீனவர் அழைக்கும் இவ்விலங்கின் விலா, கையில் எடுத்தால் கல்போலக் கனக்கும். நிலவாழ் விலங்குகளின் விலாவில் காணப்படும் நுண்ணறைகளும் மச்சைக்குழியும் இதில் இல்லை; தடித்துச் செறிந்த எலும்பே உள்ளது. ஆழமற்ற கடலின் அடியில் உள்ள கடற்புற்களை மேய்வதற்கு, உடல் மிதந்து எழாதவாறு எடைக்கல்லாக இவ்வெலும்புகள் உதவுகின்றன. கடற்பசுவின் வாழும் உறவினங்களுள் யானையும் ஒன்று என்பது கருதத்தக்கது. இவ்வினத்தைக் காக்கும் பொருட்டு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டர் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

உடைந்த செவியெலும்பு

மிகச் சிறிய எலும்பும் மிகப்பெரிய வினாவிற்கு விடையளிக்கும் என்பதற்கு ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் கிடைத்த புதைபடிவங்கள் சான்றாகும். இந்திய நிலவியல் அறிஞர் அ. ரங்கா ராவ் அங்கிருந்து பாறைகளைத் திரட்டினார். அவற்றில் கிடைத்த பற்கள், தாடைத் துண்டுகளைக் கொண்டு 1971ஆம் ஆண்டில் ஒரு விலங்கிற்கு ‘இண்டோஹையஸ்’ எனப் பெயரிட்டார். பூனையளவே உடைய, குளம்புள்ள விலங்கு அது. ஏனைய பாறைகள் பிளக்கப்படாமலேயே இருந்தன. அவர் மறைவிற்குப் பின் அவருடைய துணைவியார் அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்னும் ஆய்வாளரிடம் ஒப்படைத்தார்.

ஆய்வகத்தில் ஒரு மண்டையோட்டைப் பாறையிலிருந்து பிரிக்கும்போது அதன் செவிப்பகுதி எலும்பு தற்செயலாக உடைந்தது. உடைந்த இடத்தில் அதன் உட்சுவர் மிகவும் தடித்திருந்தது. அத்தகைய தடித்த சுவர் திமிங்கலங்களின் செவியெலும்புக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்டு வந்தது. மேலும் ஆராய்ந்தபோது, கால் எலும்புகளும் நீரில் இறங்கி நடக்கும் விலங்கிற்கு உரியவாறு தடித்துச் செறிந்திருந்தன. ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இச்சிறு விலங்கு, திமிங்கலங்களின் முன்னோர்க்கு மிக நெருங்கிய உறவு என்று 2007ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கடலின் பேருயிர்க்கும் நிலத்தின் சிற்றுயிர்க்கும் இடையே இருந்த உறவை விரல்நுனி அளவுள்ள எலும்பு வெளிப்படுத்தியது. பல்லாண்டுகள் பிளக்கப்படாத பாறையைப் பயனற்றது என எறிந்திருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

புலியும் போலியும்

சங்க இலக்கியங்கள் சிறுவர் அணிந்த புலிப்பல் தாலியைக் குறிப்பிடுகின்றன. புலியின் உறுப்பை அணிந்தால் வலிமை சேரும் என்னும் நம்பிக்கை தொன்மையானது. அன்று அழகாக இருந்த அவ்வழக்கம், இன்று புலியினத்தின் அழிவிற்குக் காரணமாகிறது. புலியின் எலும்பு மருந்து என்றும், அதன் காறையெலும்பு நற்பேறு தரும் என்றும் கூறிக் கள்ளத்தனமாக விற்கப்படுகின்றன. பூனைக் குடும்பத்தில் காறையெலும்பு மிகச் சிறியது. வேறு எந்த எலும்போடும் மூட்டினால் இணையாமல் தசைகளுக்கிடையே மிதப்பது. தோளை முன்பின்னாக நன்கு வீசி நடக்கவும் இரைமீது பாயவும் இவ்வமைப்பு துணைசெய்கிறது. ஓடுவதற்கென்றே அமைந்த மான், குதிரை போன்றவற்றிற்குக் காறையெலும்பு இல்லை.

புலியெலும்பு என விற்கப்படுவனவற்றுள் மாட்டெலும்புகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் அடையாளங்கள் தெளிவானவை. பூனைக் குடும்ப விலங்கின் மேற்கை எலும்பின் கீழ்முனையருகே, உட்புறத்தில் நீள்வட்டத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியே நரம்பும் குருதிக்குழாயும் செல்லும். மாட்டிற்கும் நாய்க்கும் அவ்விடத்தில் அத்துளை இல்லை. மாட்டின் முன்னங்கால் கீழெலும்போ, இரண்டு எலும்புகள் ஒன்றிய ஒற்றைத் தண்டாக இருக்கும். புலிக்கு அவை தனித்தனியே விரல்களைத் தாங்கி நிற்கும்.

எலும்பு தூளாக்கப்பட்டிருந்தால் வடிவம் துணைசெய்யாது. அப்போது மரபணு ஆய்வே வழி. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்த ஆய்வகமும், தேராதூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனமும், சென்னை வண்டலூரிலுள்ள உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் இத்தகைய ஆய்வுகளில் ஈடுபட்டுள்ளன.

இவ்வறிவின் பயன் இருமுனை கொண்டது. புலியைக் கொன்றவர் ‘இது மாட்டெலும்பு’ என்று கூறித் தப்ப இயலாது. மாட்டெலும்பை வைத்திருந்த எளியவர் புலியைக் கொன்றார் என்னும் பழியும் நிலைக்காது. குற்றத்தைக் காட்டும் அதே எலும்பே குற்றமற்றவரையும் காக்கிறது. ஆதலால், இனங்காண்பவர் ஐயம் எஞ்சும்வரை முடிவு கூறுவதில்லை. ‘பூனைக் குடும்பம்’ என்றளவில் மட்டும் உறுதியாயின் அதனளவிலேயே நிற்பது நேர்மை. அதற்குமேல் ‘புலி’ என்று எழுதுவது அறமன்று.

மண்ணடியில் ஒரு வரலாறு

ராபர்ட் புரூஸ் பூட் 1884ஆம் ஆண்டில் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்து, பழங்கால விலங்குகளின் எலும்புகளை வெளிக்கொணர்ந்தார். கீழடி அகழாய்வில் கிடைத்த எலும்புத் துண்டுகளுள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு வெளிமான், காட்டுப்பன்றி ஆகியனவும் இனங்காணப்பட்டன. ஆட்டெலும்பிற்கும் மானெலும்பிற்கும் உள்ள நுண்வேறுபாட்டைக் கண்டறிந்ததனால்தான், அம்மக்கள் கால்நடை வளர்த்ததோடு அருகிலிருந்த வெளிகளின் விலங்குகளையும் அறிந்திருந்தனர் என்று வரலாறு பேச முடிகிறது. எழுத்து சொல்லாது விட்டதை எலும்பு சொல்கிறது.

காண்பவர் கடமை

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, சட்டத்தால் காக்கப்படும் காட்டு விலங்குகளின் உடலுறுப்புகளை அரசின் உடைமையாகக் கருதுகிறது. அத்தகைய பொருள் ஒருவர் கைக்கு வருமாயின், 48 மணி நேரத்திற்குள் காவல்நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவித்தல் வேண்டும். எனவே, மலையேற்றத்தின்போதோ வயல்வரப்பிலோ அறியாத எலும்பைக் காண்பவர் அதனை எடுத்துச் செல்லாமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வனத்துறைக்கு அறிவிப்பதே முறை. இருந்த இடத்திலிருந்து அகற்றப்பட்ட எலும்பு தன் சான்றில் பாதியை இழந்துவிடுகிறது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. இறந்த யானையின் மதிப்பு அதன் தந்தத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. அது எவ்வாறு இறந்தது என்பதைச் சொல்லும் எலும்புகளில் அம்மதிப்பைக் காண்பதே இக்காலத்தின் அறிவு. அச்சத்தோடு நோக்கியவர் எலும்பில் அரக்கனைக் கண்டனர். ஆசையோடு நோக்கியவர் அதில் விலையைக் கண்டனர். பொறுமையோடு நோக்குபவரே அதில் விலங்கைக் காண்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. ‘கோடு’, ‘மருப்பு’, ‘கொம்பு’ ஆகிய சொற்களுக்கு அகராதியில் உள்ள பொருள்களைத் தொகுத்து, அவற்றை எலும்பு, பல், கெரட்டின் என வகைப்படுத்துக.

2. உங்கள் பகுதியிலுள்ள அருங்காட்சியகத்திற்குச் சென்று, அங்குள்ள பாலூட்டி ஒன்றின் எலும்புக்கூட்டை வரைந்து, அதன் வாழ்க்கை முறையை உய்த்துணர்ந்து எழுதுக.

3. ‘எலும்பு குற்றவாளியைக் காட்டுவதோடு குற்றமற்றவரையும் காக்கிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.