ஊரே சொல்லுதுன்னா, பார்த்தவர் எத்தனை பேர்?

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கம் தறிக்குடோன் வைத்திருப்பவர்களையும், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தறி ஓட்டும் பீகார் பையன் பாதி ஷிப்டில் வந்து, "அண்ணா, நம்மாளுங்களை அடிக்கிறாங்களாம், ஊருக்குப் போறேன்" என்று போனை நீட்டினால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? பேக்கரியில் நான்கு பேர் கூடி, "வடக்கத்திப் பசங்க நம்மாளுகளையே துரத்தறாங்களாமா, எல்லாரும் சொல்றாங்க" என்றால் என்ன பதில் சொல்ல வேண்டும்?

2023-ல் இந்த இரண்டு பேச்சும் இதே வட்டாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஜனவரியில் ஒரு வீடியோ பரவியது. திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகத் தமிழ் இளைஞர்களைத் துரத்துவது போன்ற காட்சி. டீக்கடைப் பக்கம் சிகரெட் புகை விட்டதில் ஆரம்பித்த தகராறு அது என்று போலீஸ் விளக்குவதற்குள், "நம்ம ஊரையே பிடிச்சுட்டாங்க" என்பது பலருக்கு முடிந்த முடிவாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பேச்சு திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. மார்ச் தொடக்கத்தில் பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அன்றைய தமிழ்நாட்டு டிஜிபி சைலேந்திர பாபு கொடுத்த விளக்கத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவர் குறிப்பிட்ட இரண்டு வீடியோக்களும் திருப்பூரிலும் கோவையிலும் முன்பு நடந்த சம்பவங்கள்தான். ஆனால் ஒன்று பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது. மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. இரண்டிலும் தமிழர் ஒரு பக்கம், வட மாநிலத்தவர் மறுபக்கம் என்ற கதையே இல்லை.

ஆகவே "இது எந்த ஊர்?" என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வண்டி நம்பரில் 39, 42 இருந்தால் திருப்பூர்; 37, 38, 66, 99 இருந்தால் கோவை. போர்டில் தமிழ் எழுத்து இருக்கிறதா என்பதும் உதவும். வீடியோவை நிறுத்தி, தெளிவான ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோவாக இருந்தால் பல நேரம் பிடிபட்டுவிடும். இவ்வளவும் செய்த பிறகு சத்தத்தைக் கூட்டி ஒருமுறை கேளுங்கள். அடிப்பவன் எந்த மொழியில் கத்துகிறான்? அடி வாங்குபவன் எந்த மொழியில் கெஞ்சுகிறான்? டிஜிபி குறிப்பிட்ட அந்த இரண்டு வீடியோக்களிலும் ஊர் சரியாகத்தான் இருந்தது. யார் யாரை அடித்தார்கள் என்ற இடத்தில்தான் பொய் புகுந்தது.

அந்த நாட்களில் பலரையும் நம்ப வைத்தது வீடியோவைவிட ரயில்தான் என்பது என் கருத்து. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஹோலிக்கு முன்பு திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் வடக்கே போகும் வண்டிகள் நிரம்பி வழிவது ஆண்டுதோறும் நடப்பது. அந்த வருடம் அதே கூட்டத்தைப் பார்த்தவர்கள் "பயந்து ஓடுகிறார்கள், கண்ணாலேயே பார்த்தேன்" என்றார்கள். பயந்து போனவர்களும் அதில் இருந்தார்கள், பண்டிகைக்குப் போனவர்களும் இருந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் இருவருக்கும் ஒரே மூட்டை முடிச்சுதான். கண்ணால் பார்த்ததாக ஒருவர் சொன்னால், எதைப் பார்த்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

அதே சமயம் திருப்பூரில் தண்டவாளம் அருகே பீகார் தொழிலாளி ஒருவரின் உடல் கிடந்தது. கொலை என்று பேச்சு பரவி, தொழிலாளர்கள் ரயில்வே போலீஸ் நிலையத்தில் திரண்டார்கள். கேமரா பதிவில் அவர் தண்டவாளத்தைக் கடந்தபோது ரயில் மோதியது தெரிந்தது. சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். திரண்டு வந்து கேட்டதால்தானே பதில் கிடைத்தது. கேட்காமலே ஊருக்கு வீடியோ அனுப்பியவர்கள்தான் கேடு செய்தார்கள்.

பலர் சொன்னாலே பொய் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் சந்தையில் ஒரு மாட்டின் எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். 787 சீட்டுகளின் நடு மதிப்பு உண்மையான எடையிலிருந்து சுமார் ஒரு சதவீதமே விலகியிருந்தது. ஒவ்வொருவரும் மாட்டைத் தானே பார்த்து, அடுத்தவரைக் கேட்காமல், தனித்தனியாக எழுதிப் போட்ட சீட்டுகள் அவை. நம் குடோன்களிலும் இதைப் பார்க்கலாம். ஒரே லாட் நூலை வாங்கிய பத்துக் குடோன்களில், ஒருவரோடு ஒருவர் பேசாமலே, "பாவு அறுந்துக்கிட்டே இருக்கு" என்று பத்துப் பேரும் சொன்னால் தயங்காமல் நம்புங்கள். மில்லில் சண்டை போடுங்கள். அங்கே பத்துச் சாட்சி இருக்கிறது. அதே பத்துப் பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் படித்துவிட்டு "அடுத்த வாரம் கூலி ஏறுது" என்றால் அது ஒரே ஆள் சொன்னதுதான்.

கூலி விஷயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்று கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு உண்மை. கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் விசைத்தறியாளர்கள் தறியை நிறுத்திப் போராடியதும் உண்மை. அதனால் "ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், பீஸ் கொடுத்துவிட்டு வந்தவரின் பில்லைக் கேட்டுப் பாருங்கள். பேப்பரில் படித்தவரைக் கேட்டுப் பயனில்லை.

இனி, போனை நீட்டிய அந்தப் பையனிடம் வருவோம். சிரித்துவிடாதீர்கள், "எல்லாம் பொய்டா" என்று அதட்டாதீர்கள். செய்தி பொய்யாக இருக்கலாம், அவன் பயம் நிஜம். ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டு போன் செய்யும்போது உங்கள் அதட்டல் எடுபடாது. அவனை உட்கார வைத்து, இதே ஊரில் வேறு குடோனில் வேலை செய்யும் அவன் ஊர்க்காரர் இரண்டு பேருக்குப் போன் போடச் சொல்லுங்கள். "நீ அடி வாங்கினாயா? அடி வாங்கிய ஆளை நேரில் பார்த்தாயா?" இந்த இரண்டே கேள்வியை அவன் மொழியில் அவனே கேட்கட்டும். 2023-ல் பீகார் அரசும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. பாலமுருகன் என்ற ஐஏஎஸ் அதிகாரி தலைமையில் ஒரு குழுவை அனுப்பி, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களிடமே விசாரித்தது. அதற்குப் பிறகு தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றையும் தொடங்கியிருக்கிறது. அதைப் பாருங்கள், ஆனால் அதுவும் அரசின் குரல் என்பதால் நேரில் கேட்டதோடு ஒப்பிட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் போகிறேன் என்றால் கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள். சம்பளத்தைப் பிடித்து வைத்தால் ஆள் நிற்பான் என்று கணக்குப் போடும் முதலாளிதான், "இவங்க நம்மை விடமாட்டாங்க" என்ற வதந்திக்கு முதல் நிஜச் சாட்சியாகிறார்.

பேக்கரிப் பேச்சை லேசாக விடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன குடும்பம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் அடித்ததில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்துபோனார். முந்தைய சில நாட்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிய எச்சரிக்கைகளை அங்கே பலரும் நம்பியிருந்தார்கள். காணாமல் போன பிள்ளை யாருடையது என்று அங்கே யாராவது கேட்டிருந்தால் கூட்டம் நின்று யோசித்திருக்கலாம். பேக்கரியில் பேச்சு சூடாகும்போது அதே மாதிரிக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்: "யாருக்குங்க அடிபட்டுச்சு? பேர் என்ன, எந்த ஆஸ்பத்திரி?" பதில் இல்லையென்றால் பேச்சு தானாக அடங்கும். பதில் இருந்தால், கருமத்தம்பட்டி ஸ்டேஷனுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஒரு தவறான வீடியோவை நீங்களே அனுப்பியிருந்தால், சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதே குரூப்பில், உங்கள் பெயரிலேயே, நான் அனுப்பியது தவறு, நடந்தது இது என்று எழுதுங்கள். உங்களிடமிருந்து வாங்கி மேலே அனுப்பியவர்கள் யாரென்று தெரிந்தால் அவர்களுக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். குடோனில் வேலை செய்பவர்களுக்கு அன்று மாலையே, ஷிப்ட் மாறும் நேரத்தில், தறியை நிறுத்திவிட்டு வாயால் சொல்லுங்கள்.