எந்தப் பட்டறையில் விடுவது?

கேள்வி: காரின் முன்பக்கம் மோதி நசுங்கிவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரா, தெரிந்த டிங்கரிங் பட்டறையா?
– வாசகர், கரூர்

பதில்: முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பட்டறை உங்கள் விருப்பம்தான். ஆனால் கேஷ்லெஸ் வேண்டுமென்றால் அது அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பம்பர், ஃபெண்டர் அளவில் அடி என்றால் நல்ல டிங்கர் போதும். சேஸிஸ் வளைந்திருந்தாலோ ஏர்பேக் வெடித்திருந்தாலோ, இழுத்து அளவெடுக்கும் கருவி உள்ள இடத்துக்கே போங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பட்டறையை எடைபோட, டெலிவரிக்கு நிற்கும் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? புது பெயின்ட் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போகிறதா? இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டவில்லையென்றால் உள்ளே பட்டிதான் கனமாக இருக்கிறது. (காந்தத்தோடு வருகிறவரை எந்த மேஸ்திரிக்கும் பிடிக்காது, பரவாயில்லை.)

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் உங்கள் கையிலிருந்துதான் போகும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.