தழும்பு கூறும் உடற்காவல்

காரைக்கால் வட்டாரத்தில் நெடுங்காட்டை அடுத்த குரும்பகரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று தலைமுறையினர் அமர்ந்திருப்பாராயின் அவர்தம் கைகளைச் சற்றே நோக்குக. எழுபது வயதைக் கடந்த பாட்டனாரின் கையில் காசளவான வட்டத் தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் இடத்தோளில் சிறு வடு மட்டுமே காணப்படும். முன்னது பெரியம்மைக்குக் குத்தியது. பின்னது காசநோய்க்குப் போட்டது. இவ்விரு தழும்புகளின் வரலாற்றை அறிந்தால், உடல் நோயோடு பொரும் முறையில் பெரும்பகுதியை அறிந்தவராவோம்.

பெரியம்மைத் தழும்பு இளையோருக்கு இல்லாமைக்குக் காரணம் அந்நோயே இல்லாது போனமைதான். இந்தியாவில் 1975ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் ஒருவருக்கும் அது கண்டிலது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலக நலவாழ்வு மன்றம் உலகமே அந்நோயினின்று விடுபட்டதென அறிவித்தது. ஆகவே அம்மை குத்துவோர் ஊர் ஊராய் வந்ததும், பிள்ளைகள் வைக்கோற்போரின் பின் ஒளிந்ததும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சின.

ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவரை மறுமுறை அது தீண்டுவதில்லை என்பதை நம் முன்னோர் நன்கறிவர். ஏன் தீண்டுவதில்லை என்று வினவியவருள் முதன்மையானவர் பாரசீக நாட்டு மருத்துவ மேதை அர்ராஸி ஆவார். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபிரித்துக் காட்டித் தனி நூல் யாத்தவர் அவர். திராட்சைச் சாறு நுரைத்துப் புளித்து அடங்குவதுபோல் இளமையில் குருதி ஒருமுறை கொதித்து அடங்குகிறது. அடங்கியது மீண்டும் கொதிப்பதில்லை என்பது அவர் தந்த விளக்கம். விளக்கம் பிழையே; எனினும் வினா பிழையன்று. அவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

தமிழ் பயில்வோர்க்கு அவ்விடையை நொச்சித்திணை கொண்டு விளக்குதல் எளிது. பகைவர் மதிலை வளைப்பது உழிஞை. உள்ளிருப்போர் மதில் காப்பது நொச்சி. நம் தோலே புறமதில். மூக்கிலும் தொண்டையிலும் சுரக்கும் கோழையும், இரைப்பையின் அமிலமும் அகழி எனலாம். இவற்றைக் கடந்து நுழையும் கிருமியை எதிர்கொள்வன குருதியிலும் தசையிலும் திரியும் விழுங்கணுக்கள். 1882ஆம் ஆண்டு சிசிலித் தீவில் மெச்னிகாஃப் என்னும் ரஷ்ய அறிஞர், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் இளவுயிரியுள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் அம்முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்திருக்கக் கண்டார். அக்கண்டுபிடிப்பின் வழிவந்த ஆய்வுகளுக்காக 1908ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிட்டியது.

முள் என்றதும் நம் வயல்வெளி நினைவுக்கு வருகிறது. காலில் முள் தைத்துப் புண்ணானால் ஓரிரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. புண் பாதத்தில் இருக்க வீக்கம் தொடையிடுக்கில் தோன்றுவானேன்? அங்கேதான் நிணநீர் முடிச்சுகள் உள்ளன. விழுங்கணுக்களுள் சில, கிருமியின் துணுக்குகளை ஏந்தி நிணநீர்க் குழாய் வழியே அம்முடிச்சை அடைந்து, ஆங்குக் காத்திருக்கும் 'டி' அணுக்களுக்கு அவற்றைக் காட்டுகின்றன. கிருமித் துணுக்குகளைப் பற்றும் 'பி' அணுக்களும் அங்கேயே உள்ளன. இவ்வணுக்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அறியவல்லது. கோடிக்கணக்கானவற்றுள் எது பொருந்துகிறதோ அதுவே விழித்துப் பல்கிப் பெருகுகிறது. அப்பெருக்கமே நாம் தொட்டுணரும் நெறி. பெருகிய 'பி' அணுக்களின் வழித்தோன்றல்கள் எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது கிருமியைப் பற்றி முடக்கி, விழுங்கணுக்களுக்கு அடையாளம் காட்டுகிறது. 'டி' அணுக்களுள் ஒரு சாரார் கிருமி புகுந்த உயிரணுக்களையே அழிக்கின்றனர். மற்றொரு சாரார் ஏனைய படைகளுக்கு ஆணையும் ஊக்கமும் தருகின்றனர். (அஃறிணையை உயர்திணையாக்கினோம், இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க!)

முதன்முறை இவ்வேற்பாடு முழுமை பெற ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நோய் நீங்கியபின் படையிற் பெரும்பகுதி மடிகிறது. சில அணுக்கள் மட்டும் நினைவுக் காவலராய்ப் பல்லாண்டு எஞ்சுகின்றன. அதே கிருமி மீண்டு வரின் அவை சில நாளிலேயே திரண்டெழுகின்றன. அர்ராஸியின் வினாவுக்கு விடை இதுவே. 1796ஆம் ஆண்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் குத்தி நிகழ்த்தியதும், நோயைத் தராமல் அதன் நினைவை மட்டும் தந்ததேயாகும். 1802ஆம் ஆண்டு பம்பாய் வழியாக அம்முறை நம் நாட்டை அடைந்தது.

ஆயின் எல்லாக் கிருமியும் வெளிநின்று போரிடுவதில்லை. கடற்கரை ஊர்களில் யானைக்கால் கண்டோரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொசுவழிப் புகும் அவ்விழைப்புழு வாழுமிடம் நிணநீர்க் குழாயே. காவலர் செல்லும் தெருவிலேயே பகைவன் குடியேறி, காவலை மந்தப்படுத்தியும் வைக்கிறான்.

காசநோய்க் கிருமியோ அதனினும் வஞ்சகமுடையது. தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே செரிக்கப்படாமல் வாழ்கிறது. உடல் அதனை அழிக்கவியலாத இடத்து, அணுக்களால் அதனைச் சூழ்ந்து சுவரெழுப்பிச் சிறை வைக்கிறது. அச்சுவர் பல்லாண்டு நிற்கலாம். கிருமி புகுந்தோருள் பெரும்பாலோர் நோயுறாமலே வாழ்ந்து முடிப்பர். முதுமை, நீரிழிவு, ஊட்டக்குறை ஆகியவற்றால் காவல் தளர்ந்தால் சுவர் உடைகிறது. 'டி' அணுக்களையே அழிக்கும் எச்.ஐ.வி. கிருமி, 1986ஆம் ஆண்டு சென்னையில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது புகுந்த உடலில் காசநோய் முந்திக்கொண்டு எழுவதன் காரணமும் இதுவே. நொச்சியைத் தனித்திணையாக்கிய புறப்பொருள் வெண்பாமாலையினும், அதனை உழிஞையுள்ளேயே அடக்கிய தொல்காப்பியரின் வகுப்பே இந்நிலைக்குப் பொருந்துவதாக எமக்குத் தோன்றுகிறது. இங்கே வளைத்தவர் யார், வளைக்கப்பட்டவர் யார்?

இந்நோய்க்குரிய பி.சி.ஜி. தடுப்பு மருந்து, கால்மெத், கெரென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரின் படைப்பு. மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்றாண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921இல் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகத் தந்தனர். அந்நாளில் நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. இந்தியாவுக்குத் தேவையான மருந்து 1948 முதல் சென்னைக் கிண்டியில் உருவாக்கப்பட்டது. 1955இல் மூதறிஞர் இராஜாஜி இதனை எதிர்த்து நூலே எழுதினார். ஆராய்ந்து விடை காணும் பொருட்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் பெரும் ஆய்வு தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எளிய தமிழ்மக்கள் அதில் பங்குகொண்டனர். பாதுகாவல் உண்டா என உலகுக்குச் சொன்னவர்கள் அவர்களே. ஆண்டுகள் பல கழித்து வந்த விடை கசந்தது: பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அம்மருந்து தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளோடு நம் மக்களின் உடல் முன்னரே பழகிவிட்டமை ஒரு காரணமாகலாம் என்பர்.

இராஜாஜி வென்றார் என இதனைக் கொள்ளலாகாது. குழந்தையின் மூளையுறையைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அம்மருந்து பெரிதும் தடுக்கிறது. அதனாலன்றோ பிறந்தவுடன் இன்றும் அதனைப் போடுகின்றனர்! பெரியோர்க்கு இரு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் தோள் வடுவை நம்பியிராது சளியைச் சோதித்தல் வேண்டும். நோயென்று தெரிந்தால் மருந்தை இடைநிறுத்தாது முழுக்காலமும் உண்ணுதல் வேண்டும்.

ஊசியிட்ட சில வாரங்களில் பிள்ளையின் தோளில் சிறு கட்டி எழும்பி, சீழ் கோத்து, உடையும். பாட்டிமார் அஞ்சி மஞ்சளும் எண்ணெயும் தேடுவர். ஒன்றும் தடவ வேண்டுவதில்லை. தூய்மையாக வைத்திருந்தாற் போதும். மெச்னிகாஃப் முள்ளைச் சுற்றிக் கண்ட அதே வகை அணுக்கள் அங்கே திரண்டு நிற்கின்றன. இன்னும் சில வாரங்களில் அது வற்றி வடுவாகும்.