வார்ப்பிரும்பும் தேனிரும்பும்

வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கோ எளிதில் முறியும். தேனிரும்பு இழுவிசையைத் தாங்க வல்லது. ஆதலின் முற்காலப் பொறியியலாளர் தூண்களை வார்ப்பிரும்பாலும் அவற்றைப் பிணைக்கும் சட்டங்களைத் தேனிரும்பாலும் அமைத்தனர். இவ்விரண்டையும் பொருத்துமிடத்திலேதான் இடர் விளைந்தது.

ஸ்கொத்லாந்தின் தே புகைவண்டிப் பாலத்தை நாம் நோக்குவோம். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் அது வீழ்ந்தபோது வண்டியிற் சென்றோர் யாவரும் மாண்டனர். அதன் பிணைசட்டங்கள், தூண்களோடு ஒருங்கே வார்க்கப்பட்ட காதுகளில் மரையாணிகளாற் பூட்டப்பட்டிருந்தன. ஆணித்துளைகள் துறப்பணத்தால் துளைக்கப்பட்டனவல்ல, வார்க்கும்போதே விடப்பட்டவை. மாதிரியுரு மணலினின்று எளிதிற் கழலும்பொருட்டு அவை ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கியிருந்தன. வார்ப்பாளனுக்கு அது வசதி. ஆணியோ துளைமுழுதும் படியாது ஒரு விளிம்பிலேயே அழுந்திற்று. துறப்பணத்தை ஒருமுறை செலுத்தியிருப்பின் துளை நேராகியிருக்கும். பின்னர்ச் சோதித்தபோது, காதுகள் சில எதிர்பார்த்ததினும் மிகக் குறைந்த, 20 தொன் அளவான இழுவையிலேயே முறிந்தன.