சூடு ஏன் போய்ச் சேரவில்லை?

அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால் சூடு தெரியும். திண்ணையில் உட்கார்ந்தால் தெரியுமா? தெரியாது. அடுப்பு அதேதான். தூரம்தான் கூடிவிட்டது. ஒரு போர் விமானத்திலும் இப்படித்தான் நடந்தது.

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. அப்போது அமெரிக்காவில் பி-38 என்ற போர் விமானத்தைச் செய்தார்கள். லாக்ஹீட் என்ற கம்பெனி அதைச் செய்தது. அதற்கு லைட்னிங் என்று பெயர். லைட்னிங் என்றால் மின்னல். அதில் இயந்திரங்கள் இரண்டு. ஓட்டுபவரோ ஒரே ஒருவர்.

மேலே போனால் குளிர்

1943ஆம் ஆண்டின் குளிர்காலம். அமெரிக்காவின் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் போயின. அவற்றுக்குக் காவலாக பி-38 விமானங்களும் போயின. சுமார் 9 கிலோமீட்டர் உயரத்தில் அவை பறந்தன.

மலைமேல் ஏறினால் குளிர்கிறது அல்லவா? ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பம் 6 அல்லது 7 டிகிரி குறையும். 9 கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு குளிரும்? பூஜ்யத்துக்கும் கீழே 50 டிகிரி வரை போகும். தண்ணீர் பூஜ்யம் டிகிரியிலேயே உறைந்துவிடும். அப்படியானால் அந்தக் குளிரை எண்ணிப் பாருங்கள்.

இயந்திரம் எங்கே, விமானி எங்கே?

அந்தக் காலத்துப் போர் விமானங்கள் பலவற்றில் ஒரே இயந்திரம்தான். அது விமானத்தின் மூக்கில் இருக்கும். விமானி அதன் பின்னால் உட்காருவார். இயந்திரத்தின் சூடு அவருக்கு எளிதில் கிடைக்கும்.

பி-38 விமானத்தில் ஓர் இயந்திரம் இடது இறக்கையில் இருந்தது. மற்றொன்று வலது இறக்கையில் இருந்தது. விமானி நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார். சூடான காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். வரும் வழியிலேயே அந்தக் காற்று ஆறிப்போனது. வந்து சேர்ந்த சூடு போதவில்லை.

விமானிகள் பட்ட பாடு

பல மணி நேரம் பறக்க வேண்டும். கைவிரல்களும் கால்விரல்களும் மரத்துப்போயின. மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படிந்தது. வெளியே பார்ப்பதே கடினம் ஆனது.

எதிரி விமானம் வந்தால் விமானி உடனே பல விசைகளைத் திருப்ப வேண்டும். விரல்கள் மரத்திருந்தால் எப்படித் திருப்புவது? தடித்த கையுறை போட்டாலும் விசையைப் பிடிப்பது கடினம். ஒரு நொடி தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. தரை இறங்கிய பிறகு, சிலரால் தாமாக எழுந்திருக்கவும் முடியவில்லை. மற்றவர்கள் தூக்கி இறக்கினார்கள்.

இதே விமானம் நியூகினித் தீவின் பக்கம் தாழ்வாகப் பறந்தது. அது வெப்பமான நாடு. அங்கே விமானி அறை புழுங்கியது. அரைக்கால் சட்டையோடு பறந்தவர்களும் உண்டு.

என்ன செய்தார்கள்?

பிறகு செய்த விமானங்களில் சூடாக்கும் வசதியைக் கூட்டினார்கள். மின்சாரத்தால் சூடாகும் உடைகளும் வந்தன. அந்த உடையின் உள்ளே மெல்லிய கம்பிகள் இருக்கும். ஆனாலும் 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இருந்த படைகள் பெரும்பாலும் மஸ்டாங் என்ற விமானத்துக்கு மாறின. அதற்கு ஒரே இயந்திரம். அது மூக்கில் இருந்தது. மாறியதற்குக் குளிர் மட்டும் காரணம் அல்ல. பி-38 விமானத்தின் இயந்திரங்களும் அந்தக் குளிரில் அடிக்கடி பழுதாயின.

இயந்திரம் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. அதை இயக்கும் மனிதரின் உடல் தாங்க வேண்டும். அவருடைய கைவிரல் அசைய வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. பி-38 விமானத்தில் எத்தனை இயந்திரங்கள் இருந்தன?
2. விமானிக்குச் சூடு ஏன் போதவில்லை?
3. விரல் மரத்துப்போனால் என்ன ஆபத்து?

கலந்து பேசுங்கள்

நீங்கள் வேலை செய்யும் கருவி உங்கள் கைக்கும் உடலுக்கும் ஏற்றதாக இருக்கிறதா? இல்லை என்றால் எதை மாற்றலாம்?