நீதிமன்றமும் சமூக சேவைகளும்: வழக்கு முடியும் முன்பே உதவி பெறலாம்

ஒருவர் மீதான வழக்கிற்குப் பின்னால் பல வேளைகளில் வேறொரு துன்பம் இருக்கும்: மதுப்பழக்கம், மனநோய், வீடின்மை, வேலையிழப்பு. தண்டனை மட்டும் விதித்தால் அத்துன்பம் தீராது. அவர் மீண்டும் அதே நீதிமன்றத்திற்கு வர நேரலாம். எனவேதான் விக்டோரியா மாநில நீதவான் நீதிமன்றம் சமூக சேவை நிறுவனங்களுடன் இணைந்து செயற்படுகிறது.

2006ஆம் ஆண்டு தொடங்கிய 'நீதிமன்ற ஒருங்கிணைந்த சேவைகள் திட்டம்' இதற்கு எடுத்துக்காட்டு. ஆங்கிலச் சுருக்கப் பெயரால் இது 'சிஸ்ப்' எனப்படும். பிணையில் இருப்பவர், அழைப்பாணை பெற்றவர், தடுப்புக்காவலில் இருந்து பிணை கோருபவர் ஆகியோர் இதில் சேர விண்ணப்பிக்கலாம். திட்டப் பணியாளர் அவருடைய தேவைகளை மதிப்பிட்டு, போதைப்பழக்கச் சிகிச்சை, மனநல சேவை, தங்குமிட உதவி போன்றவற்றுடன் தொடர்புபடுத்துவார். இவ்வாதரவு நான்கு மாதங்கள் வரை நீடிக்கலாம். முன்னேற்ற அறிக்கை நீதவானிடம் அளிக்கப்படும். தண்டனையைத் தீர்மானிக்கும்போது நீதவான் அதனைக் கருத்திற் கொள்ளலாம். ஆயினும் திட்டத்தில் சேர்வதால் வழக்கு கைவிடப்படுவதில்லை.

கொலிங்வூட்டில் 2007இல் தொடங்கிய அயலக நீதி மையம் இன்னொரு வடிவம். யாரா நகரசபைப் பகுதிக்கான அம்மையத்தில் நீதிமன்றமும் ஆதரவுச் சேவைகளும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன.

'உதவி கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ' என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. 'சிஸ்ப்' திட்டத்தில் சேரக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம். வழக்கறிஞர், காவல்துறையினர், குடும்பத்தினர் மட்டுமன்றி, சம்பந்தப்பட்டவர் தாமே தம்மைப் பரிந்துரைக்கவும் முடியும்.

கவனிக்க வேண்டியவை:

• வழக்கு நாளுக்கு முன்னரே வழக்கறிஞரிடம் இத்திட்டம் பற்றிக் கேட்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாதவர், நீதிமன்றத்தில் பணியிலிருக்கும் சட்ட உதவி வழக்கறிஞரை நாடலாம்.

• சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், எந்தத் தகவல்கள் நீதிமன்றத்திற்குத் தெரிவிக்கப்படும் என்பதைக் கேட்டறிதல் நன்று.

• தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனில் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளையோ உறவினரையோ மொழிபெயர்க்க வைத்தல் தகாது. அவர்கள் முன்னிலையில் மதுப்பழக்கம், மனநோய் போன்றவற்றைப் பேசப் பலர் கூசுவர், சொல்லாமல் விட்ட தேவைக்கு உதவி கிடைக்காது. தொலைபேசி வழி உரைபெயர்ப்புக்கு 131 450 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.