முக்கோஜிமா மலர்த்தோட்டமும் நிலவுக் கவிதையும்

ஜப்பானியர் தோட்டங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கியோத்தோ நகரத்து மடங்களையும் இளவரசர் மாளிகைகளையுமே எடுத்துரைப்பர். கத்சுரா மாளிகையில் நிலவு காண்பதற்கென்றே அமைத்த மூங்கில் மேடை பலரும் அறிந்தது. ஈண்டு யாம் ஆராயக் கருதியது அத்தகைய அரசர் தோட்டமன்று. தோக்கியோ மாநகரின் கிழக்குப் பகுதியில், சுமிதா ஆற்றுக்கு அணித்தாக, மூன்று ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் அமைந்த முக்கோஜிமா ஹியாக்காஎன் என்பதே நம் பொருள். ஹியாக்காஎன் என்பதற்கு நூறு மலர்த் தோட்டம் என்பது பொருளாம்.

இதனை ஆக்கியவர் சஹாரா கிக்கூ என்னும் பழம்பொருள் வணிகர். அவர் வடபுலத்துச் செண்டாயிலிருந்து, அந்நாளில் எடோ என்று வழங்கிய தோக்கியோவுக்கு வந்து பொருளீட்டி, 1804ஆம் ஆண்டையொட்டி ஒரு வீரகுலத்தாரின் பழைய மனையை விலைக்கு வாங்கினார். அவர் நண்பர் குழாத்தில் கவிஞரும் ஓவியரும் மிக்கிருந்தனர். அவர்கள் மனமுவந்து அளித்த 360 பிளம் மரங்களே தோட்டத்தின் முதற் செல்வம். நகைச்சுவைக் கவியாகிய ஓத்தா நாம்போ வாயிற்பலகையை எழுதித் தந்தார். பின்னர், பழம்பாடல்களிலும் சீன இலக்கியத்திலும் பேசப்பெறும் செடி கொடிகளைத் தேடிக் கொணர்ந்து நட்டனர். பிரபுக்களின் துணையின்றி, வணிகரும் புலவரும் கூடி வளர்த்த தோட்டமாதலின், இங்கே பெரும் பாறைகளும் செயற்கை மலைகளும் கண்ணை மருட்டுவதில்லை. புல்லும் புதருமே மிகுதி. ஏட்டில் வெறும் பெயராகக் கண்ட செடியை வேரோடும் மண்ணோடும் காண்பதே இங்கு வருவோர் பெறும் பயன்.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற மான்யோஷூ என்னும் தொகைநூலில் 4,500க்கு மேற்பட்ட பாடல்கள் உள. அவற்றுள் மிகுதியாகப் பாடப்பெற்ற செடி ஹாகி என்பது. ஏறக்குறைய 140 பாடல்களில் அது வருகின்றது. அவரையினத்தைச் சார்ந்த சிறு புதர். செந்நீலப் பூக்கள் நுண்ணியவாய்க் கிளை தாழப் பூக்கும். இத்தோட்டத்தில் அதனை இருபுறமும் மூங்கிற் சட்டங்களில் வளைத்து, 30 மீட்டர் நீளமுள்ள பசிய குகைவழியாக்கியிருக்கின்றனர். செப்டம்பர் மாதத்து இறுதியில் அதனுள் நடப்போர் தோளின்மேல் பூவுதிரும். இளவேனிலுக்கு முன்னர்ப் பிளம் மலரும், ஆகஸ்டு மாத இறுதியில் மணியொலி போலக் கூவும் சிள்வண்டுகளின் இசை கேட்கும் மாலைகளும், ஜனவரியில் ஏழு கீரைகளைக் கூடையில் நட்டுக் காணும் வழக்கமும் இங்கு உண்டு. எனினும் தோட்டத்தின் ஆண்டு முழுதும் நோக்கி நிற்பது நிலவு காணும் விழாவையே என்பது எம் கருத்து.

பழைய கணக்கில் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் இரவே அவ்விழாவுக்குரியது. நாணலை ஒத்த சுசுகிப் புல்லின் கதிர்களைக் குடத்தில் நிறுத்தி, அரிசிமா உருண்டைகளையும் சேப்பங்கிழங்கையும் படைத்து வைப்பர். நடைவழிகளில் தாள் விளக்குகள் மெல்லொளி காலும்.

ஈண்டு ஒரு பஞ்சாங்கச் செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். ஜப்பானிய அரசு தன் பழைய சந்திர பஞ்சாங்கத்தைக் கைவிட்டு மேனாட்டுக் கணக்கை மேற்கொண்டபோது, பன்னிரண்டாம் மாதத்து இரண்டாம் நாளுக்கு மறுநாளே 1873 ஜனவரி முதல் நாளாயிற்று. அடுத்த ஆண்டு பதின்மூன்று மாதங்கள் கொண்டதாக வரவிருந்தது. பதின்மூன்றாம் சம்பளத்தைத் தவிர்ப்பதும் அரசியலார் விரைவுக்கு ஒரு காரணம் என்பர். புத்தாண்டு ஜனவரிக்குச் சென்றது. ஏழு கீரை நாள் ஜனவரி 7ஆம் நாளாகி, கீரைகள் வயலில் தாமே தழையாத கடுங்குளிரில் வந்து விழுந்தது. தனபத்தா என்னும் விண்மீன் விழா பல ஊர்களில் ஜூலை 7ஆம் நாளுக்கு மாறி, மழைமுகிலில் மறைந்துபோயிற்று. நிலவு காணும் இரவை மட்டும் எவ்வாணையாலும் பெயர்க்க இயலவில்லை. செப்டம்பர் 15 என்று குறித்துவிட்டால், அன்று வானில் மெல்லிய பிறையே இருத்தலுங் கூடுமன்றோ! ஆதலின் இவ்விழா 2023இல் செப்டம்பர் 29, 2024இல் செப்டம்பர் 17, 2025இல் அக்டோபர் 6 என ஆண்டுதோறும் அலைகின்றது. நீக்கப்பெற்ற பஞ்சாங்கத்தைத் தோட்டத்தார் இதன்பொருட்டு இன்றும் புரட்டவேண்டியவராகின்றனர். ஜப்பானிய மொழியில் 'த்சுகி' என்னும் ஒரே சொல் நிலவையும் மாதத்தையும் குறிக்கும். தமிழில் 'திங்கள்' என்பதும் அவ்வாறே நிற்றல் நோக்கற்பாலது.

இனி, பதினைந்தாம் இரவோடு காட்சி முடிவதில்லை. மாணவர் இதனை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நிலவு விண்மீன்களினிடையே நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகரும், கதிரவன் 1 பாகை நகரும், எஞ்சுவது 12. ஒரு பாகைக்குப் பூமி 4 நிமிடம் சுழலவேண்டுமாதலின், ஒவ்வொரு நாளும் நிலவு ஏறக்குறைய 50 நிமிடம் தாழ்த்து எழும் என்பது சராசரி. இலையுதிர் காலத்து முழுநிலவையடுத்து மட்டும், நிலவின் பாதை கீழ்வானோடு சாய்ந்து கிடப்பதால், ஜப்பானில் இத்தாழ்வு அரைமணி அளவாகச் சுருங்கும். எனவே அடுத்தடுத்த இரவுகளிலும் காத்திருத்தல் எளிது. அவ்விரவுகளுக்குப் பெயரிட்டவர் காத்திருந்தே பெயரிட்டனர். பதினாறாம் இரவின் நிலவு இசயோய், அஃதாவது தயங்கும் நிலவு. பதினேழாவது நின்று காத்தற்குரியது. பதினெட்டாவது அமர்ந்து காத்தற்குரியது. பத்தொன்பதாவது படுத்துக் காத்தற்குரியது. காண்பான் உடல் சோர்வதைக் கொண்டே நாளைக் கணக்கிட்ட அருமை இதில் விளங்கும். முகில் மூடிய பதினைந்தாம் இரவுக்கும் மழை பெய்த பதினைந்தாம் இரவுக்கும் தனித்தனிப் பெயருண்டு.

கவிதையில் நிலவின் இடமும் வரையறுக்கப்பெற்றதே. 17 அசைகளாலான ஹைக்கூவில் 'நிலவு' என்று வாளா கூறின் அஃது இலையுதிர் காலத்து நிலவேயாம். பிற பருவத்து நிலவாயின், வேனில் நிலவு, குளிர்கால நிலவு என அடைகொடுத்துக் கூறல் வேண்டும். பலர் கூடி மாறிமாறித் தொடுக்கும் 36 பாக்களின் தொடரில் ஐந்தாவதும் பதினான்காவதும் இருபத்தொன்பதாவதும் நிலவின் இருக்கைகள் என வகுத்திருந்தனர். இத்தோட்டத்தில் பாஷோ முதலியோர் பாக்களைத் தாங்கிய கற்கள் 29 நிற்கின்றன. பாசி படர்ந்து எழுத்துப் புலப்படாதவும் அவற்றுள் உள. தடவிப் படிப்பாரும் உளர்.

முகில் மறைத்த நிலவு பாடற்குரியதோ என்னும் வழக்கு பழையது. பதினான்காம் நூற்றாண்டுத் துறவியாகிய கென்கோ, மாசற்ற நிலவையே காண விழைதல் போதுமோ என வினவி, காணாது ஏங்குதலின் சுவையைப் பாராட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் மோத்தோஓரி நோரினாகா இதனைப் போலிச் சுவையென்று கடிந்தார். பழங்கவிகள் தெளிந்த வானையே வேண்டினர், முகில் கண்டு உண்மையாகவே வருந்தினர் என்பது அவர் கொள்கை. எமக்கு நோரினாகாவின் கூற்றே வலியுடைத்தாகத் தோன்றுகின்றது. தெளிந்த நிலவை விழையாதவனுக்கு முகிலால் இழப்பில்லை. இழப்பில்லாவிடத்து ஏக்கமும் இல்லை. கென்கோவின் ஏக்கம் நோரினாகாவின் விழைவிலிருந்தே பிறத்தல் வேண்டும்.

இழப்பு இத்தோட்டத்துக்கும் புதிதன்று. 1910ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதனைச் சிதைத்தது. 1938இல் தோக்கியோ நகருக்கு நன்கொடையாகக் கிடைத்து, அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. 1945இல் வான்குண்டுத் தீ அப்பகுதி முழுதையும் விழுங்கியபோது தோட்டமும் எரிந்துபோயிற்று, கற்களே எஞ்சின. வீடிழந்தோர் நிறைந்த அந்நகரில் புல்லையும் புதரையும் மீள நட்டு, 1949இல் மீண்டும் திறந்தனர். இன்று குளத்துக்கு அப்பால், 2012இல் முடிந்த 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரம் நிமிர்ந்து நிற்கின்றது. நாட்பொழுதில் மாலை ஐந்து மணிக்கு அடைக்கும் வாயிலை நிலவு விழாவின்போது இரவிலும் திறந்து வைப்பர்.

அவ்விரவைக் கண்டவர் ஒன்பதாம் மாதத்துப் பதின்மூன்றாம் இரவையும் காணல் வேண்டும் என்பது மரபு. ஒன்றை மட்டும் கண்டு மற்றதை விடுதல் நன்றன்று என்பர். முன்னையது சீனத்திலிருந்து வந்த வழக்கு. பின்னையது ஜப்பானியர் தாமே கொண்டது. அன்று நிலவு நிறைவதற்கு இன்னும் இரண்டு நாள் குறையும். ஹாகிப் பூக்கள் உதிர்ந்து முடிந்திருக்கும். படையலில் கிழங்குக்கு மாறாகக் கஷ்கொட்டையும் அவரையும் இருக்கும்.